எட்டாம் பாகம் வந்த பிறகு

வீடியோ கேம் கடை வைத்திருப்பவனுக்கு உண்மையான வேலை ஒன்றுதான்: யாரோ எங்கேயோ செய்த பொருளுக்கு இங்கே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது.

தூத்துக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் கடை. நாலு மெஷின், நாலு டி.வி., ஸ்பிரிங் போன ரெண்டு சோபா. உட்கார்ந்து விளையாடலாம், டிஸ்க் வாங்கிக்கொண்டும் போகலாம். இந்தக் கடையைப் பல வருஷம் தாங்கியது ஒரு தொடர். அதன் இங்கிலீஷ் பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழையாது. 'கப்பல்' என்றுதான் சொல்வோம். முதல் பாகத்தில் ஓர் ஓட்டைப் படகைக் கொடுத்து நடுக்கடலில் விடுவார்கள். ஏழாம் பாகத்தில் நாற்பது பேர் வேலை செய்யும் பாய்மரக் கப்பலுக்கு நீங்கள் தலைவர். காற்றுப் பார்க்க வேண்டும், நீரோட்டம் பார்க்க வேண்டும். துறைமுகத்து ஆட்களும் கடலுக்குப் போகிற ஆட்களும் குறை சொல்லவென்றே வந்து உட்கார்ந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எழுந்துபோன கேம் அது.

ஆறு வருஷம் காத்திருந்து எட்டாம் பாகம் வந்தது. ஆசையாக ஒன்றுக்குக் காத்திருந்து, அது வந்த அன்றைக்கே வெறுத்துப்போன ஆள் நீங்கள் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதல் நாள்

செல்வின் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எட்டாம் பாகம் வருகிற அன்றைக்கு, சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கே முதல் டி.வி.க்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். டிஸ்க்கைப் போட்டால், அதில் பாதி கேம்கூட இல்லை. மீதி இன்டர்நெட்டில் இருந்து இறங்க வேண்டுமாம். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்வதை அத்தனை பேரும் மத்தியானம் மூன்று மணி வரை பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் பிரியாணிப் பொட்டலம் வந்தது. செல்வின் சொன்ன கல்யாணம் என் கடையில்தான் நடக்கிறது என்று ஆளாளுக்குக் கேலி பேசினார்கள்.

மூன்று மணிக்குக் கப்பல் திரையில் வந்தது. செல்வினுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகம் வந்தாலும் முதலில் கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பார்ப்பான். காற்று கூடினால் கிரேனை நிறுத்திவிட்டு இறங்க வேண்டிய வேலை அவனுடையது. காற்று விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. முந்தைய பாகங்களில் எதிர்க்காற்றில் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், கப்பல் நின்றுவிடும், வளைந்து வளைந்துதான் போக வேண்டும். இதில் ஒரு பட்டனை அழுத்தினான். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு கப்பல் சர்ரென்று போனது. இன்னொரு தடவை அழுத்தினான். இன்னும் வேகமாகப் போனது. மூன்றாம் தடவை அழுத்தவில்லை. கையில் இருந்த கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இதுக்குக் காத்தே வேண்டாமாம்லே. இது கப்பலா, ஷேர் ஆட்டோவா?"

ஒரே கப்பலில் ரெண்டு பேர்

அடுத்த வாரம் காயல்பட்டினத்தில் இருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தார். ரிஸ்வானா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்யாணமாகி நாற்பதாவது நாள் மாப்பிள்ளை வளைகுடாவில் இருக்கிற தமாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம்தான் ஒரு மெஷினும் ஏழாம் பாகமும் வாங்கி மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே தன் அறையில் அவரும் அதையே வைத்துக்கொண்டார். அந்தப் பாகத்தில் ரெண்டு ஊரில் இருந்துகொண்டு ரெண்டு பேர் ஒரே கப்பலை ஓட்டலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அங்கே சுக்கான் பிடிப்பார், இந்தப் பெண் இங்கே பாயைக் கட்டுவார். காதில் ஹெட்போன் இருக்கும். வீடு நிறைய ஆட்கள் இருக்கிற அந்த வீட்டில் ரெண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த இடம் அதுதான்.

எட்டாம் பாகம் வந்ததும், கம்பெனிக்காரர்கள் ஏழாம் பாகத்தின் இன்டர்நெட் விளையாட்டை மூடிவிட்டார்கள். புதியதில் ஒரே கப்பலில் ரெண்டு பேர் ஏற வழியே இல்லை. முகம் தெரியாத ஆட்களோடு சுட்டுக்கொண்டு சாகலாம், அவ்வளவுதான். செட்டிங்கில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். பழைய டிஸ்க்கைப் போட்டால் வருமா என்று கேட்டார். வேறு ஏதாவது கேம் தரட்டுமா என்று நான் கேட்டேன். கொண்டுவந்திருந்த டிஸ்க்கைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "போன்ல பேசுனா சாப்ட்டியா, தூங்குனியாங்கதுக்கு மேல ஒண்ணும் வர மாட்டேங்குது அண்ணாச்சி. கப்பல்ல நிக்கும்போதுதான் அவுங்க என்கிட்ட சண்ட போடுவாங்க."

எட்டு வரி

ஆலந்தலையில் இருந்து வருகிற ஜெபமாலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்குப் போகிறவர். அவருக்கு விளையாடத் தெரியாது. விளையாடியது அவர் தம்பி ரீகன். தூத்துக்குடியில் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் என் கடையில் பழகி, பிறகு அண்ணனோடு கடலுக்குப் போக ஆரம்பித்த பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவான். மூன்றாம் நம்பர் மெஷினில் அவன் கப்பல் இருந்தது. அம்மா பெயரை அதற்கு வைத்திருந்தான். கப்பலில் வேலை செய்கிற நாற்பது பேருக்கும் தன் தெருக்காரர்கள் பெயரை வைத்திருந்தான். அவர்கள் நடமாடும்போது தலைக்கு மேல் பெயர் தெரியும். சுக்கான் பிடித்து நிற்கிறவன் தலைக்கு மேல் 'ஜெபமாலை' என்றிருக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு காற்றில் அவர்கள் பைபர் படகு கவிழ்ந்தது. நாலு பேர் போனதில் மூன்று பேர் கரை வந்தார்கள். ரீகன் வரவில்லை. ஆறு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அன்றைக்குப் படகை ஓட்டியவர் ஜெபமாலை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவர் வர ஆரம்பித்தார். நான் மெஷினைப் போட்டுக் கொடுப்பேன். துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற தம்பியின் கப்பலை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் தொட மாட்டார். எழுந்து போய்விடுவார்.

பழைய பாகத்தில் இருக்கிற கப்பலைப் புதுப் பாகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். "தம்பி கப்பல் அதுல வருமா அண்ணாச்சி? இன்னும் தெளிவாத் தெரியுமா?" என்று கேட்டார். வரும் என்று நான்தான் சொன்னேன். அவர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், ஆசையாக நானே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தேன். திரையில் எட்டு வரி இங்கிலீஷ் வந்தது. முதல் ரெண்டு வரி படித்தேன். கீழே யாரோ கூப்பிட்டார்கள். 'சரி' என்பதை அழுத்திவிட்டுப் போனேன். மீதி ஆறு வரியில் இருந்ததைப் பிறகு படித்தேன்: கப்பலும் பெயர்களும் வராது, பழையதற்குப் பதிலாக ஒரு பரிசு வரும், பழைய பதிவு அழிக்கப்படும். திரும்பி வந்து பார்க்கும்போது, யாருடையதென்று இல்லாத ஒரு புதுக் கப்பல் தங்க நிறப் பாயோடு நின்றது. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் டி.வி.யைப் போடாமல் எதிரே போய் உட்கார்ந்து, நடந்ததை அப்படியே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கருப்பாக இருந்த திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஒடம்பும் கெடைக்கல, இதுவும் கெடைக்காதா அண்ணாச்சி?"

தங்கப் பாய்

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கம்பெனிக்கு எழுதலாம் என்றேன். ரெண்டு சாயங்காலம் செலவழித்து எழுதினாள். தம்பி, படகு, நாற்பது பெயர், எல்லாம் அதில் இருந்தது. உங்களிடம் எங்கேயாவது பழைய பதிவு இருந்தால் திருப்பிக் கொடுங்கள், இது ஒரு கேம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று முடித்திருந்தாள். எழுதி முடித்ததும் அவளே ஒரு தடவை சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நாலு நாளில் பதில் வந்தது. எங்கள் உற்சாகத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பழைய பதிவை மீட்க முடியாது என்றும், ஆனால் பரிசாகக் கொடுத்த தங்கப் பாய் எல்லோருக்கும் கிடைக்காத அரிய பொருள் என்றும் எழுதி, கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தார்கள். இன்னொரு கடிதம் எழுதுவோமா என்று கேட்டேன். அவள் போனைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். "வேண்டாம். செத்தவனுக்குத் தங்கப் பாய் குடுத்துருக்காங்க. இன்னொண்ணு எழுதுனா வெள்ளித் துடுப்பு அனுப்புவாங்க."

பிடித்துப்போனவர்

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். எட்டாம் பாகம் பிடித்தவர்களும் இருந்தார்கள். இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற ஒருத்தர் தினமும் வந்து, பட்டனை அழுத்தி, எதிர்க்காற்றில் பறந்து, வாய்விட்டுச் சிரித்து விளையாடினார். முந்தைய ஏழு பாகத்தையும் அவர் பார்த்ததே இல்லை. ஒருநாள் செல்வின் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, திரும்பிப் பார்த்து வெள்ளந்தியாகத்தான் ஒன்று கேட்டார். செல்வின் சட்டென்று எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கேட்டது இதுதான்: "கேம் நல்லாத்தானண்ணே இருக்கு, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்கிய?"

ஆலந்தலை

அடுத்த மூன்று ஞாயிறும் ஜெபமாலை வரவில்லை. நாலாவது ஞாயிறு செல்வின் பைக்கில் ஏற்றி என்னை ஆலந்தலைக்குக் கூட்டிப்போனான். ஆறுமுகநேரி உப்பளத்தைத் தாண்டிப் போனோம். என்ன பேச வேண்டும் என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில்தான் இருந்தார். நாற்காலி போட்டார். உள்ளே இருந்து அவர் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்து, யார் என்று கேட்டார். "தூத்துக்குடில தெரிஞ்சவங்கம்மா" என்றார். அந்த அம்மா எங்களிடம், "ஞாயித்துக்கெழம தவறாம அங்கன பெரிய கோயிலுக்குப் பூசைக்கு வருவான். இப்ப ஒரு மாசமா வீட்டுலயே கெடக்கான். நீங்களாவது என்னன்னு கேளுங்கய்யா" என்றார். மகன் வந்துகொண்டிருந்தது என் கடைக்கு என்பதும், கப்பலுக்குத் தன் பெயர் இருந்தது என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஜெபமாலை தலையைக் குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

கிளம்பும்போது ரோடு வரைக்கும் கூட வந்தார். ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். ஏழாம் பாகத்தில் புதிதாக ஒரு கப்பல் ஆரம்பிக்கலாம், அதே பெயர் வைக்கலாம், தெருக்காரர்கள் பெயரையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான் போட்டுத் தருகிறேன், ராப்பகலாக உட்கார்ந்தாவது அதே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்றேன். முழுக்கக் கேட்டார். "பேரெல்லாம் போட்டுறலாம். அவன் போட்டதா ஆவுமா?" என்றார். அது கோபம் இல்லை. எனக்குப் புரிய வேண்டுமே என்று சொன்னது. மன்னிப்புக் கேட்டேன். என் தோளில் கையை வைத்து, "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சிய" என்றார். செல்வின் பைக்கைக் கிளப்பினான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னார்: "கல்லறைன்னு ஒண்ணு இருந்தா அங்கன போவேன். ஞாயித்துக்கெழம போவ எனக்கு ஒரு எடம் இல்ல அண்ணாச்சி, அவ்வளவுதான்."

இப்போது ஒன்பதாம் பாகம் வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், முன்பதிவு நோட்டில் முதல் பெயர் செல்வினுடையது, ரெண்டாவது பெயர் என்னுடையது என்று சொல்லிவிட்டால், எங்களைப் போன்ற ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.