அட்டை உப்பு

மகள் ஒரே சட்டியில் கொத்துக்கறியையும் முட்டைக்கோசையும் போட்டு, சோயா சாஸை ஊற்றிக் கிளறுகிறாள். பத்தே நிமிடத்தில் சாப்பாடு ரெடியாம், பீற்றிக்கொள்கிறாள். வெந்த கோசின் நாற்றத்துக்கு நான் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறேன்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், லயத்து வீட்டில் இருந்தோம். அன்று நல்ல மழை. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். லீவில் இருந்த அப்பா இதேபோல் கறியையும் கோசையும் ஒன்றாக வதக்கிக்கொண்டே, "உப்ப எடு தாயி" என்றார். அடுப்போரம் உப்போடு இருந்த தேங்காய்ச் சிரட்டையை நீட்டினேன். அந்தப் புகையில் உப்பின் நிறம் யாருக்குத் தெரிந்தது? விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டோம்.

அம்மா நனைந்துகொண்டு வந்தாள். காலில் கொழுத்துத் தொங்கிய அட்டைகளைப் பிடுங்கியபடி, "அட்டையப் போடுத உப்புச் செரட்ட எங்க?" என்று தேடினாள்.

தினமும் அவள் பிடுங்கிப் போடும் அட்டைகள் அதில்தான் சுருண்டு ரத்தம் கக்கும். செத்ததை எறிந்துவிட்டு, உப்பை மறுநாளுக்கு வைத்துக்கொள்வாள்.

அப்பா முற்றத்துக்கு ஓடி ஓங்கரித்தார். நானும் வாந்தி எடுத்தேன். அம்மா வாசலில் நின்று எங்களையே பார்த்தாள்.

"எம் ரத்தந்தான. அதுக்கா ரெண்டு பேருக்கும் இப்பிடிக் குமட்டுது?"

மகள் கரண்டியை என் வாயருகே நீட்டுகிறாள்.

"உப்பு போதுமாம்மா?"