கதவு மறைவில் உம்மா

பக்கத்து வளவில் யாரோ கொசு விரட்டத் தேங்காய்ப் பொச்சுமட்டை கொளுத்தியிருக்கிறார்கள். புகை மூக்கில் ஏறியதும் உம்மா அந்தக் காலத்தில் இருமியது எனக்குக் கேட்டது. சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் இருமுகிற இருமல். கிணற்றடியில் மச்சான் குளித்துக்கொண்டிருந்தால் உம்மா குசினிக் கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் புகைக்குள் இருந்து அப்படித்தான் இருமுவா.

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். உம்மாவுக்குச் சீதனமாக வந்த கல்முனை வீட்டை எண்பதுகளின் தொடக்கத்தில் மூத்தவ ராத்தாவுக்குக் கொடுத்தோம். மச்சான் மாப்பிள்ளையாக வந்தார். உம்மாவும் வாப்பாவும் நானும் குசினியோடு ஒட்டிய ஓலைக் கிடுகுப் பத்திக்கு இறங்கினோம். வாப்பா கெட்டிக்காரர். இறக்காமத்து வயலில் யானைக் காவல் என்று வாடிக் குடிலிலேயே தங்கிவிட்டார். வயலில் ஒரு நெல்மணி இல்லாத காலத்திலும் யானைக் காவல்! மாட்டிக்கொண்டது உம்மாதான்.

மாமி மருமகன் முன்னால் வரக்கூடாது. ஒழுங்கை முனையில் மச்சானின் சைக்கிள் மணி கேட்டால், முன்ஹோலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் உம்மா ஒரே ஓட்டமாகக் குசினிக்குப் போய்விடுவா. ஒருநாள் அந்த அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டா. மச்சான் அதைக் கண்டார். திரும்பி ஒழுங்கைக்குப் போய், இன்னொருதரம் மணியடித்துக்கொண்டு வந்தார். அவரும் பாவம்தான். ராத்தா வீட்டில் இல்லாவிட்டால் தாகமெடுத்தாலும் குசினிப் பக்கம் போகமாட்டார்.

நானோ வயதுக்கு வந்து, பள்ளிக்கூடம் நின்று, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தேன்.

"மாமிட்டக் கேளு, என்ன மீன் வாங்கிற எண்டு."

"சொல்லு மகள், அவருக்கு விருப்பமானத வாங்கட்டாம்."

இரண்டும் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்கும். என்றாலும் என் வாயால் போனால்தான் அது கதை.

ஒரு மாரியில் மச்சானுக்கு நெருப்புக் காய்ச்சல். வாரக்கணக்கில் வீட்டோடு கிடந்தார். பத்தி ஒழுகியது, விறகெல்லாம் ஈரம், உம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை.

"உள்ளுக்கு வாங்க உம்மா, அவர் கண்ண மூடித்தானே கிடக்கார்" என்றா ராத்தா.

"கண்ண மூடினாலும் மருமகன் மருமகன்தான்."

ஒரு பகல் ராத்தா மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டா. பிள்ளைத்தாச்சியைத் தனியே விடமுடியாதென்று நானும் போனேன். றோட்டெல்லாம் வெள்ளம். தாமதித்துத் திரும்பினால் குசினியில் உம்மா இல்லை. அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துக் கிடந்தது.

உம்மா முன்ஹோலில், நிலத்தில் இருந்தா. மடியில் மச்சானின் தலை. தண்ணீருக்கு எழும்பியவர் விழுந்து புருவம் வெடித்திருந்தது. முக்காட்டுத் துணியை நனைத்து அவர் நெற்றியில் கட்டியிருந்தா உம்மா. அவவின் தலை வெறுந்தலை.

"கூப்பிட்டுப் பார்த்தன், மழைக்கு ஒருத்தருக்கும் கேக்கல்ல" என்றா எங்களைப் பார்க்காமலே. "புள்ள தண்ணி தண்ணி எண்டு கிடந்திச்சு."

ராத்தா வந்து தலையை வாங்கியதும், சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டா.

சுகமான பிறகு மச்சான் ஒருநாள் குசினிக் கதவைப் பார்த்து நேரே கதைத்தார்.

"மாமி, பள்ளி லெவ்வையிட்டக் கேட்டன். மாமிக்கும் மருமகனுக்கும் மறைப்பு மார்க்கத்தில இல்லையாம். முன்னால வந்து இரிங்க. இது உங்கட வீடு."

கதவுக்குப் பின்னால் வளையல் அசைந்தது. பிறகு குரல், எனக்குச் சொல்வதுபோல:

"மார்க்கத்தில இல்லாட்டிப் போகட்டும் மகள். எனக்கு வெக்கம் இருக்குதே."

எனக்குப் பொல்லாத கோபம். என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டிருந்தால் குசினியை விட்டு அட்டாளைச்சேனை வரைக்கும் துள்ளி ஓடியிருப்பேன்! அன்று மட்டும் ஏன் போனீங்க என்று கேட்டேன்.

"விழுந்து கிடக்கக்குள்ள அது என்ட புள்ள. எழும்பினாப் பிறகு ராத்தாட மாப்பிள்ளை" என்றா, அரிசி களைந்தபடி.

மச்சான் பிறகு வற்புறுத்தவில்லை. ரேடியோவைக் குசினிப் பக்க ஜன்னலுக்கு மாற்றினார். குளிக்கப் பள்ளிவாசல் கிணற்றுக்குப் போகத் தொடங்கினார். உம்மா கதவைத் திறந்து வைத்துச் சமைத்தா. அவ்வளவுதான் அவவுக்குக் கிடைத்த விடுதலை. அதற்கு மேல் அவ கேட்கவுமில்லை.

எண்பதுகள் முடியுமுன்பே உம்மா மவுத்தாகிவிட்டா. ஆண்மக்கள் பிறக்காத வீடு. கபுறுக் குழிக்குள் இறங்கி உம்மாவை வாங்கி வைத்தது மச்சான்தான்.

இப்போது அந்தக் குசினியும் பத்தியும் இல்லை. கிணற்றையும் மூடியாயிற்று. மாமிமார் மருமகன்மாரோடு சரிக்குச் சரி இருந்து டிவி பார்க்கிறார்கள். நல்லதுதான்.

உம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை, எடுக்க விடமாட்டா. உம்மம்மா எப்படி இருப்பா என்று ராத்தாவின் பிள்ளைகள் கேட்டால், மூக்கு நீளமென்பா ராத்தா, நான் இல்லையென்பேன். போனமுறை மச்சானிடம் கேட்டார்கள்.

"முகம் நினைவில்ல மகன்" என்றார். "காய்ச்சல்ல கிடக்கக்குள்ள, கை மட்டும் நல்ல குளிர்ச்சியா இருந்திச்சு."