கழற்றி வைத்த தகடு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் தோமினிக்கின் பட்டறை இருக்கிறது. லாரி, வேன்களுக்கு டைனமோ, செல்ஃப் மோட்டார், ஒயரிங் வேலை. சேலத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடமாக அங்கேதான் தொழில். தோமினிக் கை வைத்தால் அந்த வண்டி மறுபடி அதே கோளாறோடு வராது என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும். கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

பட்டறைக்குப் பக்கத்தில் தனசேகர் என்பவரின் கோழிக்குஞ்சு பொரிப்பகம் இருந்தது. அங்கிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் வேனை அன்புச்செல்வி ஓட்டினாள். புருஷன் போன பிறகு அவளாகவே பழகி, லைசன்ஸ் எடுத்து, தனசேகரிடம் கேட்டு வாங்கிய வேலை அது. வேனின் அடைத்த பெட்டிக்குள் ஆறு ஃபேன் ஓயாமல் சுற்ற வேண்டும். நின்றால் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆறுக்கும் மின்சாரம் டைனமோவிலிருந்துதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாசி மாதத்தில் அந்த டைனமோ பழுதாகி, தோமினிக் வேறொன்று மாட்டினார். என்ஜினின் புகைக்குழாய்க்கும் டைனமோவுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு உண்டு. குழாயின் அனல் டைனமோ மேல் அடிக்காமல் தடுப்பது அதுதான். கழற்றும்போது அதன் இரண்டு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து முறிந்தது. முறிந்த துண்டைத் துளைபோட்டு எடுக்க ஒரு மணி நேரமாகும். குஞ்சு ஏற்ற வேண்டும் என்று பொரிப்பகத்திலிருந்து போன் மேல் போன். தகட்டை ஒதுக்கி வைத்தார். அடுத்த தடவை வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு அதை மறந்தே போனார்.

சித்திரையில், பட்டப்பகலில், ராசிபுரம் தாண்டி ஆத்தூர் போகும் வழியில் டைனமோ கருகியது. ஃபேன்கள் தளர்ந்து நின்றன. அன்புச்செல்வி ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைக் கிழித்து நிழலில் பரப்பினாள். கிழித்த அட்டையாலேயே விசிறினாள். சாலையில் போனவர்களைக் கூப்பிட்டு விசிறச் சொன்னாள். பாதிக் குஞ்சுகள் பிழைத்தன. மீதியைத் திரும்ப அதே பெட்டிகளில் அடுக்கி எடுத்து வந்தாள்.

தனசேகர் தோமினிக்கை வரவழைத்தார். பொரிப்பக வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். தோமினிக் கருகிய டைனமோவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ஜினைச் சரியாகப் பார்க்காமலே கேட்டார்.

“ஏம்மா, இன்ஜினக் கழுவுனியா?”

“இல்லீங்கண்ணா. ஈரத்துணியில தொடச்சேன். அவ்வளவுதானுங்க.”

“அதேதான். தண்ணி உள்ள போயிருக்குது. அப்பறம் கருகாம என்ன பண்ணும்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனசேகர் கையை நீட்டினார். “சாவியக் குடு. நாளையிலருந்து முட்டை அடுக்குற ஷெட்டுக்குப் போயிரு.”

சாவியைக் கொடுத்துவிட்டு அவள் போனாள்.

ஆனியில் புது டிரைவர் ஓட்டியபோது, மாற்றிப் போட்ட டைனமோவும் கருகி அதே வேன் பட்டறைக்கு வந்தது. நல்லவேளை, அன்று பெட்டிகள் காலி. இந்த முறை தோமினிக் டைனமோவைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கம்பிச்சுற்று ஒரு பக்கம் மட்டும் கரியாகியிருந்தது. புகைக்குழாயைப் பார்த்திருந்த பக்கம். குனிந்து என்ஜினைப் பார்த்தார். முறிந்த போல்ட் ஒரு துளையில் அப்படியே இருந்தது. இன்னொரு துளை காலி. மாசியில் ஒதுக்கி வைத்த தகடு நினைவுக்கு வந்தது. பட்டறையின் பழைய இரும்புக் குவியலைக் கிளறித் தகட்டைத் தேடி எடுத்து, முறிந்த துண்டைத் துளைபோட்டு நீக்கி, புதுப் போல்ட் போட்டு மாட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேன் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. “இந்தத் தடவ வேல பிரமாதமுங்க” என்று தனசேகர் நான்கு பேர் முன்னால் சொன்னபோது தோமினிக் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் பொரிப்பக ஜெனரேட்டர் பேட்டரியைப் பார்க்கப் போனார். ஷெட்டில் அன்புச்செல்வி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? துணி ரொம்ப ஈரமா இருந்திருந்தா அப்படி ஆகுங்களா? நான் புழிஞ்சனா இல்லையான்னு எனக்கே இப்ப நெனவில்லீங்க. அந்தக் குஞ்சுக கண்ணுக்குள்ளயே நிக்குது.”

தோமினிக் பேட்டரியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஜெனரேட்டர் அறைக்குள் போய் நின்றார். பார்த்து முடித்த பேட்டரியையே மறுபடி பார்த்தார். கடைசியில் வெளியே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தகடு, முறிந்த போல்ட், எல்லாம்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“ஆனியில.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “நாலு மாசமுங்க.”

மறந்ததற்குச் சொல்ல அவரிடம் காரணம் இருந்தது. அந்த நாலு மாதத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

“அன்னிக்கு எல்லாரு முன்னாலயுந்தானுங்களே சொன்னீங்க? இப்பவும் அப்படியே வந்து சொல்லுங்க” என்று அவள் முன்னே நடந்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு முன்னால், தனசேகரையும் வரச் சொல்லி, தோமினிக் சொன்னார். “பொய் சொன்னது நான். இந்தப் புள்ள மேல தப்பில்லீங்க.”

தனசேகர் அவர் தோளைத் தட்டினார். “சரி உடுங்கண்ணா. வேணும்னேவா செஞ்சீங்க?”

“அன்னிக்கு என்னைய ஒருத்தரும் உடுங்கன்னு சொல்லலீங்களே” என்றாள் அன்புச்செல்வி.

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த வாரம் சாவி அவளிடம் வந்தது. தனசேகர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தோமினிக்குக்குத் தெரியாது.

வேன் அதற்குப் பின் அவர் பட்டறைக்கு வரவில்லை. அன்புச்செல்வி வேறு மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள். ஏன் அந்த வேன் வருவதில்லை என்று கேட்பவர்களிடம் தோமினிக் நடந்ததைச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அவருக்கு முகம் தொங்கிவிடும்.

போன தையில் ஒருநாள் அந்த வேன் சாலையோரம் நிற்பதைப் பார்த்து பைக்கை நிறுத்தினார்.

“என்னம்மா ஆச்சு?”

“பெல்ட்டுல சத்தம் வருதுங்க. ஆளு வாராருங்க.”

“நான் ஒருக்காப் பாக்கட்டுமா?”

“வேண்டாமுங்கண்ணா.”

அவள் குரலில் கோபமில்லை. அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் துணைக்கு நின்றார். அந்த மெக்கானிக் வந்து இறங்கிக் கருவிப்பையைப் பிரித்த பிறகு பைக்கை உதைத்துக் கிளப்பினார்.