லைன் அக்கா கேட்ட அறை

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் புகார் மேசையில் அவள் உட்கார்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஊரில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறினாலும் அந்த அலறல் முதலில் அவள் காதில்தான் விழும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவள் போனை வைக்க மாட்டாள். "மூச்சை மெதுவா விடுங்க. ஆள் கிளம்பியாச்சு. காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று பேச்சை வளர்த்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் சிக்கிக்கொண்டார். அவர் வெளியே வருவதற்குள் தன் கடைவாய்ப் பல்லுக்கு வேண்டிய ஆலோசனை முழுவதையும் அவரிடம் கறந்துவிட்டாள். அதனால் ஆபீஸில் அவளுக்கு 'லைன் அக்கா' என்றே பெயர்.

இருபத்தாறு வயதில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவளை, பின்னால் வந்த லாரி ஒன்று வண்டியோடு சேர்த்துச் சுவரில் சாத்தியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. புதிதாகப் பார்க்கிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஐயோ, எப்படி ஆச்சு?" என்று கேட்டால், "லாரிக்கு ஒண்ணும் ஆகலை" என்பாள்.

பதினைந்து வருஷம் முடித்தவர்களுக்கு அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றின் விடுதியில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம். அவள் முறை வந்தபோது நிர்வாக அதிகாரி தன் அறைக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு யோசிச்சோம்மா. அதுக்குப் பதிலா ஒரு நல்ல சுவர்க் கடிகாரம் கொடுத்துடலாமான்னு..."

"போன வருஷம் மெக்கானிக் அண்ணன் போயிட்டு வந்தாரே, அவர்கிட்டயும் கடிகாரம் வேணுமான்னு கேட்டீங்களா சார்?"

"இல்ல, அவர் வந்து..."

"எனக்கு மணி பாக்கத் தெரியும் சார். பூங்காதான் பாத்ததில்ல."

அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒன்பது வயது மகள் என்று மூன்று பேர். செய்தி கேட்டதும் மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். தம்பி மட்டும் சுரத்தில்லாமல் இருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அக்காவை வெளியூர் கூட்டிப்போய்ப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது, "எல்லா வசதியும் இருக்கு" என்று சொல்லி ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டார்கள். குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும், கதவோ ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று இரண்டு நாளும் அவள் தண்ணீர் குடிக்காமலே இருந்தாள். கல்யாணம் முடிந்து திரும்பியதும் சிறுநீரகத்தில் கிருமி தாக்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அங்கே படுத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்திருந்தாள்: இனிமேல் எங்கே போவதானாலும் எல்லாவற்றையும் கேட்டுத்தான் போவது, கேட்க வெட்கப்படுவதில்லை.

மறுநாளே விடுதிக்குப் போன் போட்டாள். முன்பதிவு மேசையிலிருந்து ஒரு பையனின் இளங்குரல் கேட்டது.

"சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு ரூம் இருக்கா?"

"இருக்கு மேடம். எல்லா வசதியும் இருக்கு."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்கு ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. "குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்?"

"நல்ல அகலம் மேடம்."

"நல்லதுன்னா எத்தனை இன்ச்? என் நாற்காலி இருபத்தாறு இன்ச்."

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க மேடம். எங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க, அப்படியே தூக்கி உள்ள வெச்சிடுவாங்க."

"நான் என்ன பீரோவா, தூக்கி வைக்க?"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறானா, பயந்துவிட்டானா தெரியவில்லை. அவள் விடவில்லை. "தம்பி, ஒரு டேப் எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வாங்க. ரூம் கதவு, குளியலறைக் கதவு, கட்டில் உயரம், கம்மோடு பக்கத்துல பிடிச்சு எழுந்துக்கக் கம்பி இருக்கா, குளிக்கிற இடத்துல படி இருக்கா. அஞ்சே விஷயம். நான் லைன்லயே இருக்கேன்."

"நேரம் ஆகும் மேடம்."

"லைன்ல இருக்கறதுதான் என் வேலையே."

இருபத்திரண்டு நிமிஷம் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப ஓடியது. அவள் அந்நேரத்தில் ஒரு முறம் பட்டாணி உரித்து முடித்தாள். பையன் மூச்சிரைக்க வந்தான். நூற்றேழாம் எண் அறை, தரைத்தளம். ரூம் கதவு முப்பத்து நாலு, குளியலறைக் கதவு முப்பத்தொன்று, கட்டில் இருபது, கம்பி இருக்கிறது, படி இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். அதன் பிறகுதான் தம்பி மகளிடம், "துணி எடுத்து வை" என்றாள்.

விடுதி வாசலில் வேன் போய் நின்றபோது பகல் பன்னிரண்டு மணி. வரவேற்புக் கூடத்தில் பெரிய கூட்டம். பிள்ளைகள் பலூனும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டை கட்டிய மேனேஜர், கணினியைத் தட்டிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதல் மாடியில ஏரியைப் பாத்த மாதிரி பெரிய ரூம் கொடுத்திருக்கோம்."

"நான் கேட்டது நூத்தியேழு."

"அதுல குழாய் ரிப்பேர் மேடம். இது அதைவிட ரெண்டு மடங்கு பெருசு."

"குளியலறைக்குப் படி இருக்கா?"

மேனேஜர் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். "ஒரே ஒரு படி மேடம். எங்க ஆளுங்க வந்து..." என்று இழுத்தார் மேனேஜர்.

"தூக்கி வெச்சிடுவாங்க. தெரியும்."

பையன் சட்டென்று நிமிர்ந்தான். குரலை வைத்து அவளைத் தெரிந்துகொண்டுவிட்டான். அவளும் அவன் முகத்தில் அதைப் படித்துவிட்டாள்.

தம்பி குனிந்து அவள் காதருகே சொன்னான். "விடுக்கா. எல்லாரும் பாக்கறாங்க. ரெண்டு நாள்தானே, நானே தூக்கிட்டுப் போறேன்."

அவனைத் திரும்பிப் பார்த்தாள். வண்டியிலிருந்து இறக்க, படி ஏற்ற, பஸ்ஸில் உட்கார வைக்க என்று பதினேழு வருஷமாகத் தூக்கியவன். முப்பத்தெட்டு வயதிலேயே இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேன் ஓட்டுகிறான். அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"இந்த ரெண்டு நாள் உனக்கும் லீவுதான்டா" என்றாள். "போய் உக்காரு."

பிறகு நாற்காலியை நேராக மேசைக்கு முன்னால், வரிசையின் வாயிலேயே கொண்டுபோய் நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போட்டாள். பின்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். போனை எடுத்து, விடுதி அனுப்பிய கடிதத்தை வாசிக்கத் தொடங்கினாள். கத்தவில்லை. இருட்டு லிஃப்டில் மாட்டிய ஆளுக்கும் தெளிவாகக் கேட்கும் அந்த ஆபீஸ் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"தங்களுக்கு நூற்றேழாம் எண் அறை உறுதி செய்யப்பட்டுள்ளது. குளியலறைக் கதவின் அகலம் முப்பத்தொரு அங்குலம். கைப்பிடிக் கம்பி உள்ளது. படி இல்லை."

கூடத்தில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பலூனோடு ஓடிய பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள்.

"மேடம், கொஞ்சம் என் அறைக்கு வந்தா உக்காந்து பேசலாம்" என்றார் மேனேஜர்.

"நான் உக்காந்துதான் சார் இருக்கேன்."

வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "மத்தவங்களுக்கும் வேலை இருக்கும்மா" என்று முணுமுணுத்தார். அவள் திரும்பி, "எனக்கும் பாத்ரூம் போற வேலை இருக்குங்க. காலையில எட்டு மணிக்குக் கிளம்பினது" என்றாள். பெரியவர் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

"குழாய் ரிப்பேர்னா சொல்லுங்க, நான் பாக்கறேன். எந்தக் குழாய்?" என்று கேட்டாள். மேனேஜர் மறுபடி கணினியைத் தட்டினார். பையனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க தம்பி. அளந்தது நீங்கதானே?" என்றாள்.

மேனேஜர் அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். வேலை போனாலும் போகும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இருந்தாலும் சொல்லிவிட்டான்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல மேடம். ரூம்ல சாமான் போட்டு வெச்சிருக்காங்க. நான் அளக்கப் போனப்பவே கொஞ்சம் இருந்துச்சு. காலி பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். யாரும் பண்ணலை, மேல மேல போட்டுட்டாங்க."

"சாவியை எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

தாழ்வாரத்தில் அவள் முன்னே உருட்டிக்கொண்டு போக, பையன், தம்பி குடும்பம், கடைசியில் மேனேஜர் என்று ஊர்வலமே போனது. நூற்றேழின் கதவைத் திறந்தார்கள். மடக்குக் கட்டில்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மெத்தைகள், உடைந்த மேசை விளக்குகள், காற்றடிக்கும் இயந்திரம். கைப்பிடிக் கம்பியில் வரிசையாக ஈரத் துடைப்பங்கள். கம்மோடின் மேல், பூங்காவில் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கும் நீல முயல் வேஷத்தின் தலை, காதுகள் இரண்டும் விறைக்க, வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அத்தை, முயல் பாத்ரூம் போகுது!" என்று தம்பி மகள் கூவினாள்.

அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா இந்த ரூமை யாருமே கேட்கலையா?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"அப்படி யாரும் வர்றதில்ல மேடம்."

"போன்லயே 'தூக்கி வெச்சிடுவோம்'னு சொன்னா எப்படி சார் வருவாங்க?"

மேனேஜர் ஆட்களைக் கூப்பிட்டார். தூக்கி வைக்கும் அந்த நாலு பேரும் வந்தார்கள், கட்டில்களைத் தூக்கினார்கள். கதவோரம் நின்று ஒவ்வொன்றும் வெளியே போவதைப் பார்த்தாள். முயல் தலையை மட்டும் தம்பி மகள் சுமந்து போனாள். மொத்தம் முப்பத்தொரு கட்டில்கள் வெளியே போயின. துடைப்பங்கள் போன பிறகு கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அறையைக் கழுவித் துடைத்ததும் உள்ளே போனாள். அங்கேயும் ஒரு கோளாறு. குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. நாற்காலி உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த முடியாது.

"இது கட்டினவர் தப்பு மேடம், நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் மேனேஜர்.

"கதவைக் கழட்டுங்க."

"கதவையா?"

"திரைச்சீலை போதும். மூணு பக்கமும் சுவர்தானே."

விடுதித் தச்சர் வந்தார். கீல்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பதினஞ்சு நிமிஷ வேலைதான், அக்கா" என்றார். அந்த அறையில் அன்றைக்கு யாரும் சொல்லாத நல்ல வார்த்தை அதுதான். தம்பி மனைவி ஜன்னல் திரையை அவிழ்த்துக் கயிற்றில் கோத்துக் கட்டினாள். "அண்ணி, சரியா இருக்கா?" என்றாள். சரியாக இருந்தது. அவள் யார் உதவியும் இல்லாமல் உள்ளே போய், யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்தாள். வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நாள் பூங்காவிலும் சும்மா இருக்கவில்லை. தலைகீழாகச் சுற்றும் ரயிலில் ஏற்ற முடியாது என்றார்கள். விதியைக் காட்டச் சொல்லி வாங்கிப் படித்தாள். கால்களை ஊன்றிக்கொள்ள முடிகிறவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. "இது நியாயம்" என்று திருப்பிக் கொடுத்தாள். ஊஞ்சல் கப்பலிலும் அதையே சொன்னார்கள். அங்கே விதிப் பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. பலகையை அந்த ஆளையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்தவன் இரும்புக் கதவைத் திறந்துவிட்டான். இருக்கைக்கு அவளாகவே கைகளை ஊன்றி மாறிக்கொண்டாள். கப்பல் உச்சிக்குப் போனபோது தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு கடவுளையெல்லாம் கூப்பிட்டான். அவள் ஊரே கேட்கும்படி கத்தினாள், பயத்தில் அல்ல. கீழே இறங்கியதும் தம்பி ஒரு மரத்தடியைத் தேடி ஓடினான். அவள், "இன்னொரு தடவை" என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் வரவேற்பு மேசையில் அந்தப் பையன்தான் இருந்தான். வேலை போகவில்லை. மேனேஜர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மட்டும் சொன்னான். "அவர் பேசலைன்னா உங்களுக்கு நிம்மதிதானே?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன அட்டையை நீட்டினான். தங்கியது எப்படி இருந்தது என்பதற்கு ஐந்து முகங்கள் வரைந்திருந்தன. அழுகிற முகத்தில் தொடங்கிப் பல் காட்டுகிற முகம் வரை. ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டால் போதும்.

"இதுல என் மூஞ்சி இல்லையே" என்றாள். "வெள்ளைத் தாள் இருக்கா?"

தாள் வந்தது. மடியில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று எழுதினாள், கம்மோடுக்கு இடப்பக்கமும் கம்பி வேண்டும் என்று எழுதினாள், போன் எடுக்கிறவர்களுக்கெல்லாம் இந்த அளவுகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினாள். வாசலில் தம்பி வேனைக் கிளப்பி ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"அக்கா, நேரமாச்சு! போதும் வா!"

அவள் தாளைத் திருப்பிப் போட்டாள்.

"இருடா" என்றாள். "ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு."