ஆரத்தித் தட்டில் எலுமிச்சை

மகளின் வெள்ளைச் சட்டையில் சிவப்பைப் பார்த்ததும் ரத்தம் என்றே நினைத்தேன். பதறிக் காயத்தைத் தேடினேன். மஞ்சள்தூள் கறையில் சோப்பைத் தேய்த்தால் நிறம் மாறுகிறதா என்று சோதித்தாளாம். அதைக் கேட்டதும், அதே பதற்றத்தில் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

நனைந்த மஞ்சளின் வாசம், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையை ஒட்டியிருந்த எங்கள் பழைய சமையலறைக்கு என்னை இழுத்துப் போகிறது. சாலையை அகலப்படுத்தியபோது அது இடிபட்டுவிட்டது. சம்மட்டிச் சத்தமும் பெயிண்ட் நெடியும் நாளெல்லாம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கும்; புது லாரி வெளியேறும் காலைகளில் அம்மாதான் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்கவைத்து ஆரத்தி எடுப்பாள்; நானோ, சக்கரத்தடியில் நசுக்க வைத்திருக்கும் எலுமிச்சையில் ஒன்றை அந்தத் தட்டில் பிழிந்துவிட்டு, சிவப்பு மறுபடி மஞ்சளாவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏஞ்சாமி, லாரிக்காரரு காத்துட்டு நிக்கறாரு, உனக்கு வெளையாட்டா? மொதல்ல உனக்குத்தான் சுத்திப் போடோணும்" என்று சிரித்தபடி அம்மா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைப்பாள். ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

மகள் அழவில்லை. எலுமிச்சை மூடியால் சட்டையைத் தேய்த்துக் காட்டினாள்.

"பாருங்கம்மா, மஞ்சளாயிருச்சு. இனிப் பயப்படாதீங்க."

அவள் கன்னம் மட்டும் சிவந்தே இருந்தது.