நம்பர் அக்கா போட்ட நூற்று நாற்பத்திரண்டு

கார் பந்தயப் பைத்தியம் பிடித்த அத்தனை பேருக்கும் அவள் நம்பர் அக்காதான். வாரம் முழுக்கப் பல் பிடுங்குகிறவர், கணக்கு வாத்தியார், துணிக்கடைக்காரர் என்று யார் யாரோ ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் சீசன் தொடங்குமுன் அவளுடைய ஷெட்டுக்கு வந்தே தீர வேண்டும். தரையில் பதித்த உருளைகள் மேல் காரை ஏற்றி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பாள். இன்ஜினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணினித் திரை சொல்லும். டைனோ என்பது இதுதான். அவள் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துத்தான் எந்தக் கார் எந்தப் பிரிவில் ஓடலாம் என்று கிளப் தீர்மானிக்கும்.

பதினெட்டு வருடம் லேத் பட்டறையில் நின்று கால் வீங்கிய பிறகு சொந்தமாக இந்த மெஷினைப் போட்டவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "ரெண்டு நம்பர் குறைச்சுப் போடுங்களேன்" என்று குழைந்து வந்தவர்களை, "காரை இறக்கு, நடையைக் கட்டு" என்று விரட்டியிருக்கிறாள். அதனாலேயே அவள் தாளுக்கு மறுபேச்சு கிடையாது.

அவளுடைய தம்பியும் ஓட்டுகிறவன்தான். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான், மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாமல். அவனுக்குச் சின்னப் பிரிவு. அந்தப் பிரிவில் ஒரு குதிரைத்திறனுக்குக் குறைந்தது எட்டுக் கிலோ எடையாவது இருக்க வேண்டும். அவனையும் சேர்த்து அவன் கார் ஆயிரத்து நூற்றிருபது கிலோ. ஆக, நூற்று நாற்பது வரை போகலாம். சீசன் தொடக்கத்தில் அவள் போட்டுக்கொடுத்த நம்பர் நூற்று முப்பத்தெட்டு. ஆறு பந்தயத்தில் நாலை ஜெயித்துவிட்டான் மகராசன். நாளைக்குக் கடைசிப் பந்தயம். ஜெயித்தால் கோப்பை அவனுக்கு.

இரண்டாம் இடத்தில் இருந்த பல் டாக்டருக்கு வயிறு எரிந்தது. "அக்கா மெஷின், தம்பி கார், நல்லா இருக்கே!" என்று புகார் எழுதிப் போட்டார். கிளப் செயலாளர் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தம்பியோடும் அவன் காரோடும் டாக்டரோடும் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க அக்கா. தப்பா நினைக்காதீங்க."

"நான் ஏன் நினைக்கப் போறேன்? மெஷின் இருக்கு, கார் இருக்கு. பாத்துக்கோங்க."

ஏற்றினாள். கட்டினாள். மிதித்தாள். ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. திரையில் வந்தது நூற்று நாற்பத்திரண்டு.

இன்ஜினை ஆறவிட்டு மறுபடி மிதித்தாள். அதே நூற்று நாற்பத்திரண்டு. டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். செயலாளர் பேனாவை எடுத்தார். சான்று வாங்கியபின் இன்ஜினில் கை வைத்தவனுக்குச் சீசன் புள்ளி மொத்தமும் போகும், இரண்டு வருடம் ஓட்டவும் முடியாது. விதி அப்படி.

பொத்துக்கொண்டு வந்தது அவளுக்குக் கோபம். கதவைத் திறந்து இறங்கியவள், அந்த இருவர் முன்னாலேயே தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"என்னடா பண்ணித் தொலைச்சே? எத்தனை வருஷமாச் சேத்த பேருடா இது! திருட்டுப் பயலே, ஒரு கோப்பைக்காக என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் எதையும் தொடலக்கா. சத்தியமா ஒரு நட்டைக்கூடத் தொடல."

"தொடாமத்தான் நாலு குதிரை வந்து ஏறிக்கிச்சா?"

அவன் அவள் கையை விலக்கிச் சட்டையைச் சரிசெய்தான். முகம் மட்டும் கறுத்துச் சிறுத்துப்போனது.

விதிப்படி மூன்று தடவை ஓட்ட வேண்டும், மூன்றாவது ஓட்டம் பாக்கி இருந்தது. இன்ஜின் ஆறும்வரை, இவன் எதை மாற்றியிருப்பான் என்று கண்டுபிடிக்கப் பழைய தாளைப் புதுத் தாளோடு வைத்துப் பார்த்தாள். கியர் ஒன்று. டயர் காற்று ஒன்று. வெப்பநிலை: இன்றைக்கு முப்பத்தாறு, அன்றைக்குப் பதினெட்டு.

பதினெட்டா? அன்றைக்கும் இதே வெயில்தானே, சட்டை நனைய நின்றார்களே எல்லோரும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் ஷெட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். தூசி படக்கூடாதென்று காற்றுச் சூட்டை அளக்கும் சென்சரைக் கழற்றித் தன் கண்ணாடி அறைக்குள் மாட்டினாள். உள்ளே ஏசி. சூடான காற்றில் இன்ஜின் சோர்ந்துபோகும், அதனால் கணினி கொஞ்சம் கூட்டிப் போட்டு ஈடுகட்டும். அன்றைக்கு அது குளிர்காற்று என்று நம்பி ஏமாந்து, கூட்டிப் போடவில்லை. பெயின்ட் காய்ந்தபின் சென்சரைப் பழைய இடத்தில் மாட்டியதோடு மறந்தும் போனாள். அந்த வாரம் ஏறிய ஒன்பது கார்களுக்கும் அவள் போட்டது தப்பு நம்பர்.

யாருக்கும் தெரியாது. இரண்டு தாளும் அவள் கையில். வாயை மூடிக்கொண்டால் ஷெட் பிழைக்கும், தம்பி திருடனாவான். சொன்னால் கிளப்பின் அங்கீகாரம் அன்றோடு போச்சு. ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு வெட்கம்.

"எழுதாதீங்க," என்றாள் செயலாளரிடம். "அவன் தொடல. தப்பு என்னுது."

"மெஷின் கோளாறா?"

"மெஷினுக்கு என்ன கேடு? நான்தான்." தாள்களை நீட்டிப் பதினெட்டைத் தொட்டுக் காட்டி, சென்சரை ஏசி அறையில் மாட்டியதையும் அந்த வாரம் ஏறிய ஒன்பது கார்களையும் சொன்னாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். அவர் காரும் அந்த ஒன்பதில் ஒன்று என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

செயலாளர் நெடுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அளந்தவர் தப்புக்கு ஓட்டுகிறவரைத் தண்டிக்கக்கூடாது, புள்ளிகள் நிற்கும். ஆனால் நூற்று நாற்பத்திரண்டுக்கு எடை போதாது, இருபது கிலோ ஈயம் ஏற்றித்தான் நாளைக்கு ஓட வேண்டும். மற்ற கார்களை இன்றைக்கே வெளியூர் டைனோவில் அளந்துகொள்வார்கள். இனி இந்த ஷெட்டின் தாள் செல்லாது.

"வருத்தமா இருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். டாக்டர் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார்.

தம்பி ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சீட்டுக்கடியில் வைத்துப் போல்ட் முடுக்கினான். அவள் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"கோவத்துல வாய் தவறிடுச்சுடா. உன் புள்ளி போகல இல்ல, நாளைக்கு ஜெயிச்சிட்டு வா."

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு அவன் நிமிர்ந்தான். கோபமாகக்கூட இல்லை அந்த முகம்.

"ஜெயிக்கிறேன், தோக்கிறேன், அதை விடுக்கா. நாப்பது வருஷமா என்னைப் பாக்குறே. நூத்தி நாப்பத்திரண்டுன்னு திரையில வந்ததும், மெஷினைச் சந்தேகப்படணும்னு உனக்குத் தோணவே இல்லையே."

பதிலுக்குக் காத்திராமல் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.