எல்லாருக்கும் சேர்த்து நான் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் நாங்கள் மலேசியா சுற்றுலாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தூத்துக்குடியில் எங்களுக்கு மீன்பிடி வலையும் நைலான் கயிறும் விற்கும் கடை. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை மராமத்தும் முடிந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். தீபாவளி, பொங்கல் தவிர வேறு நாளில் கடையை அடைத்தறியாத என் கணவர், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக டிக்கெட் போட்டுவிட்டார். அவர், நான், மதினி என்று மூன்று பேருக்கு.

மதினி என் கணவரின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். கடையில் கல்லாவில் உட்காருவது அவர்தான். கணக்கில் கெட்டி, பேச்சில் சிக்கனம். பேச்சை எல்லாம் என்னிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று கணவர் கேலி செய்வார்.

டிராவல் ஏஜென்ட், பயண இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்றார். கணவருக்கு அதில் இஷ்டமில்லை. "நல்ல காரியமாக் கெளம்பும்போது ஆஸ்பத்திரி, சாவுன்னு எதுக்குப் பேச்சு?" என்றார். நானோ ஒரு வாரமாக போனைத் தடவித் தடவி, இருப்பதிலேயே குறைந்த பாலிசியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். பெட்டி தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் எல்லாப் பாலிசியிலும் ஒழுங்காகப் படித்து வைத்திருந்தேன். புதுச்சேலைகள் கொண்டுபோகிறேன் அல்லவா!

கடைசியில் மூன்று பேருமாக ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தது மணப்பாடு ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ஆபரேஷன் நடந்திருக்கா, டாக்டர் ஏதாவது டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரா?

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்துக்கும் இல்லைன்னே போட்டுருங்க" என்றேன்.

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கு நீங்க சொல்லிட்டீங்க அக்கா. அவங்களுக்கு அவங்கதான் சொல்லணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சின்னப் பெண் எனக்குச் சட்டம் சொல்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

கணவரும் தனக்கு எதுவும் இல்லை என்றார். மதினியின் முறை வந்தது. அவர், "ஏலே தம்பி, பாஸ்போர்ட்டை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று கணவரைக் கீழே அனுப்பினார். அவர் படியிறங்கியதும் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, டாக்டரம்மா ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாவ. நான் எடுக்கல. எடுக்கலைன்னா நோய் இல்லைன்னுதானம்மா கணக்கு? இல்லைன்னு எழுதலாம்லா? பொய் ஆயிராதுல்லா?"

"எதுக்கும்மா அந்த டெஸ்ட்?"

"மார்ல ஒரு கட்டி."

"மதினி, எப்பயிருந்து?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து. ஏளா, சத்தம் போடாத. அவன் ஆசையா டிக்கெட் போட்டுட்டான். சொன்னா போகமாட்டான். வந்து பாத்துக்கிடுதேன்."

அந்தப் பெண் நாற்காலியை மதினி பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதை மறைச்சுப் பாலிசி போட்டா, அங்க போய் ஏதாவது ஆனா ஒரு பைசா வராதும்மா. வந்தாலும் கட்டி கரைஞ்சிராது. பாலிசியை என்கிட்ட எடுக்கலைன்னாலும் பரவாயில்ல. நாளைக்கே அந்த டெஸ்டை எடுங்க. அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

மதினிதான் சொன்னார். ஜெராக்ஸ் காப்பியோடு வந்து நின்ற கணவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். அன்று மத்தியானம் கடை திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்கப் போவதில்லை. சந்தேகப்பட்டதுபோலவே புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம். மலேசியா டிக்கெட்டை ரத்து செய்தோம். ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பொங்கலிலிருந்தே மதினி கனமான பாத்திரங்களை என் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார். வயசாக ஆக வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நான் என் தங்கையிடம் போனில் குறைப்பட்டிருக்கிறேன். ஒரே அடுப்படியில் நின்ற எனக்குத் தெரியாதது, முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டதும் வெளியே வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

போன மே மாதம் மலேசியா போய்விட்டு வந்தோம். பாலிசி அதே பெண்ணிடம்தான். "பழைய நோய்க்கு இதுல பணம் கிடைக்காதும்மா" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மதினி தலையில் புதிதாக வளர்ந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டே, "அதை நான் பாத்துக்கிடுதேன். மத்ததை உங்க கம்பெனி பாக்கட்டும்" என்றார்.

இப்போதும் வீட்டில் வாய் எனக்குத்தான் அதிகம். ஆனால் முகம் வாடியிருக்கிற யாராவது "ஒண்ணுமில்ல" என்று சொன்னால், கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்கிறேன்.